மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போது பயிற்சியாளரை நீக்க வேண்டாம்: நம் அணியின் நிர்வாகக் குழுவுக்கும் ஆதரவாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், மழையையும் மூடுபனியையும் பொருட்படுத்தாமல் கோட்டோரம் நின்று நம் அணிக்குக் குரல் கொடுக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் அனைவருக்கும் வணக்கம்.

மாவட்டக் கால்பந்து லீக்கில் நமக்கு இன்னும் மூன்று ஆட்டங்களே உள்ளன. மூன்றையும் வென்றாலும், மற்ற அணிகளின் முடிவுகளும் கைகொடுத்தால்தான் 'ஏ' டிவிஷனில் தங்குவோம். இல்லையென்றால் அடுத்த ஆண்டு 'பி' டிவிஷன்தான். இந்த வேளையில், வரும் ஞாயிற்றுக்கிழமை கூடும் குழுக் கூட்டத்தில் பயிற்சியாளரை உடனே நீக்கும் தீர்மானம் வைக்கப்படவிருக்கிறது என்றும், அதற்கு ஆதரவாக ஊரில் கையெழுத்து வாங்கப்படுகிறது என்றும் அறிகிறேன். அந்தத் தாள் என்னிடமும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை டீக்கடையில் நாலு பேரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவதைவிட, எல்லோரும் படித்து எனக்குப் பதில் சொல்லும்படி எழுதுவதே முறை என்று தோன்றியதால் இந்த மடல்.

பயிற்சியாளர் மீது குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. குறை உண்டு, அது சிறியதும் அல்ல. இதே அணிக்கு இடது பின்களத்தில் ஆடியவன் என்ற முறையில், அவருடைய தற்காப்பு முறை இந்தப் பருவம் முழுவதும் எனக்குக் கவலை தந்துகொண்டே இருந்தது. பின்வரிசை நால்வரையும் நடுக்கோட்டை நோக்கி ஏற்றி நிறுத்தி, எதிரணியின் ஃபார்வர்டுகளை ஆஃப்சைடில், அதாவது பந்து அடிக்கப்படும்போதே நம் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் பிழையில், சிக்க வைப்பதையே அவர் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறார். பந்து தலைக்கு மேல் போனால் திரும்பி ஓடிப் பிடிக்கும் வேகம் உள்ள ஸ்டாப்பர்கள், அதாவது நடுவில் நிற்கும் தற்காப்பாளர்கள், இருந்தால்தான் அந்த முறை பலிக்கும். நம் ஸ்டாப்பர்கள் இருவரும் உயரப் பந்தைத் தலையால் வெல்வதில் கெட்டிக்காரர்கள், ஓட்டத்தில் அப்படியல்ல. கோலியும் (கோல் காப்பாளர்) தம் பெட்டியை விட்டு வெளியே வந்து பந்தை அடித்துத் துரத்துபவராக இருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் நம் மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால், கொடி பிடித்து நிற்கும் துணை நடுவருக்கு மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கும் ஆட்டக்காரர் கண்ணுக்கே தெரிவதில்லை. கொடி உயரும் என்ற நம்பிக்கையில் நிற்கும் தற்காப்பு அந்த நேரத்தில் தற்காப்பே அல்ல.

கூடலூர்ப் பக்கத்து அணியோடு உதகையில் நடந்த ஆட்டத்தை அன்று வந்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு தொட்டபெட்டா பக்கத்திலிருந்து பனி இறங்கியது. நடுக்களத்திலிருந்து ஒரு நீளமான பந்து நம் வரிசைக்குப் பின்னால் விழுந்தது. நம் வலது ஸ்டாப்பர் வலக்கையை உயர்த்தியபடி துணை நடுவர் பக்கம் திரும்பினார். அவர் பார்த்த திசையில் கொடியும் இல்லை, ஆளும் இல்லை, வெண்மை மட்டுமே இருந்தது. அவர் மறுபடி பந்தின் பக்கம் திரும்புவதற்குள் எதிரணிப் பையன் கோலியைத் தாண்டிப் போய்விட்டான். தவறு ஒருமுறை நேர்வது ஆட்டத்தில் இயல்பு. அதே பாணியில் இரண்டாவது கோலும் விழுந்த பிறகும் வரிசையைப் பத்தடி பின்னுக்கு இறக்கச் சொல்லாததை என்னால் இயல்பென்று சொல்ல முடியவில்லை. அந்தத் தோல்வி பயிற்சியாளருடையது. அதை அவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன்.

தம் முறையை மாற்றிக்கொள்ள மறுக்கும் பயிற்சியாளரால் ஓர் அணி எவ்வளவு இழக்கக்கூடும் என்பதை இங்கிலாந்து லீக்கை இரவு கண்விழித்துப் பார்க்கும் நம் தம்பிமார் என்னைவிட நன்றாக அறிவார்கள். 2024இல் பிரீமியர் லீக்குக்கு ஏறிவந்த சவுத்தாம்ப்டன் அணியைப் பயிற்சியாளர் ரஸ்ஸல் மார்ட்டின், தங்கள் கோல் பெட்டிக்குள்ளிருந்தே குறுகிய பாஸ்களால் பந்தைக் கட்டி எடுத்துவரும் முறையில்தான் ஆட வைத்தார். கீழ்ப் பிரிவில் வெற்றி தந்த அந்த முறை, மேல் பிரிவின் வேகமான அழுத்தத்துக்கு முன் மீண்டும் மீண்டும் உடைந்தது. 16 ஆட்டங்களில் கிடைத்தவை 5 புள்ளிகள். டிசம்பரில் அவரை நீக்கினார்கள். கையெழுத்துத் தாளைச் சுமந்து வருபவர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். அவர் இடத்துக்கு இவான் யூரிச் வந்தார், அவரும் போனார். ஏப்ரல் 6ஆம் தேதி, இன்னும் 7 ஆட்டங்கள் இருக்கும்போதே அவர்களின் தரமிறக்கம் உறுதியாயிற்று. பிரீமியர் லீக் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் இறங்கிய அணி வேறில்லை. மொத்தம் 12 புள்ளிகளோடு பருவம் முடிந்தது. மார்ட்டினிடம் பிழை இருந்தது உண்மைதான். அவர் போனபின்பும் அதே ஆட்டக்காரர்கள்தான் அதே எதிரணிகளோடு ஆட வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். "இந்த நிலைக்கு முழுப் பொறுப்பும் பயிற்சியாளரையே சாரும்" என்று அந்தத் தாளின் முதல் வரி சொல்கிறது. அது உண்மையல்ல என்பது அதை எழுதியவர்களுக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு நமக்கு அரண்போல நின்ற கோலி வேலை கிடைத்துக் கோவைக்குப் போய்விட்டார். போகப்போகிறார் என்பது பல மாதங்களுக்கு முன்பே ஊருக்குத் தெரியும். அவருடைய இடத்துக்கு ஆள் தேடும் வேலையைக் குழு எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கோலில் நிற்கும் தம்பி தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவர். இலை வரத்து கூடும் மாதங்களில் ஆலை இரவெல்லாம் ஓடும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சனி இரவு முழுவதும் அரைவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுவிட்டு, சட்டையில் தேயிலைத் தூளோடு நேரே வேனில் ஏறி, கட்டபெட்டு வருவதற்குள் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போகும் அந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேன். அவர் கையிலிருந்து பந்து நழுவினால் கோட்டோரத்தில் நாம் எழுப்பும் கூச்சலையும் கேட்டிருக்கிறேன். ஆட்ட நாளுக்கு முந்தைய இரவு மட்டும் அவருக்கு வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஆலையில் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டியது யார்? பயிற்சியாளர் கேட்டுப் பார்த்தார். குழுவின் சார்பில் கடிதம் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் இன்றுவரை எழுதப்படவில்லை.

நடுக்களத்தில் நாம் இப்படித் திணறுவதற்கும் காரணம் தெரிந்ததுதான். பருவத் தொடக்கத்தில் இரண்டு நல்ல பையன்கள் நமக்கு ஆட ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிக்கும் தவறாமல் வந்தார்கள். பதிவுக்கான படிவங்கள் குறித்த தேதிக்குள் போய்ச் சேராததால் அவர்களை இறக்க முடியவில்லை. ஒருவர் இன்று வேறோர் அணியில் ஆடுகிறார். நமக்கு எதிராகவே ஆடினார், நன்றாகவும் ஆடினார். இதற்கும் பயிற்சியாளர்தான் பொறுப்பா?

பயிற்சி மைதானத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கோடை சீசனில் நம் வழக்கமான மைதானம் கடைகளுக்கும் ராட்டினங்களுக்கும் விடப்பட்டது. ஊருக்கு வருமானம் வருவதில் எனக்கு மறுப்பில்லை. சீசன்தான் இங்கே பல குடும்பங்களின் அரை ஆண்டுச் சாப்பாடு. ஆனால் கடைகளைப் பிரித்தபின் ஆணி, கண்ணாடித் துண்டு, கூடாரம் அடித்த குழி ஆகியவற்றைச் சுத்தம் செய்து திருப்பித் தரக் குழு யாரிடமும் கேட்கவில்லை. லீக் தொடங்கிய பிறகும் நம் பையன்கள் ஒரு பள்ளியின் சரிவான திடலில்தான் பயிற்சி எடுத்தார்கள். அந்தத் திடலின் மேல் மூலையில் கார்னர் அடித்தால் பந்து தானாகக் கீழ்க் கோலை நோக்கி உருளும். அகலமோ அரை மைதானம்கூட இல்லை. அங்கே பயிற்சி பெற்றுவிட்டு உதகையில் எச்.ஏ.டி.பி. மைதானத்தின் முழு அகலத்தில் இறங்கும்போது, நம் பக்கவாட்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுக்களத்துக்கும் இடையே தெரு அளவுக்கு இடைவெளி விழுவதில் வியப்பில்லை. நீளமான மைதானமே கிடைக்காத பயிற்சியாளர் ஆஃப்சைடு வரிசையை எங்கே பழக்குவார்? பழக்க முடியாத முறையை ஆட்டத்தில் கடைப்பிடித்தது அவர் பிழை என்று மறுபடியும் சொல்கிறேன். பழக்க இடம் கொடுக்காதது அவர் பிழை அல்ல.

ஆள்பலம் கரைவதை வேடிக்கை பார்த்துவிட்டுப் பருவக் கடைசியில் பயிற்சியாளரைக் கைகாட்டுவது பணக்கார அணிகளிலும் நடக்கிறது. 2016இல் இங்கிலாந்தின் பட்டம் வென்று உலகையே திகைக்க வைத்த லெஸ்டர் சிட்டி, 2022 கோடையில் நெடுநாள் கோலி காஸ்பர் ஷ்மைக்கேலை நீஸ் அணிக்கு அனுப்பியது; முதன்மைத் தற்காப்பாளர் வெஸ்லி ஃபொஃபானாவைச் செல்சிக்கு விற்றது. அந்த இடைவெளிகளை நிரப்பப் பெரிதாக எதையும் செய்யவில்லை. கொரோனா காலத்தில் விமான நிலையக் கடைகள் மூடியதால் உரிமையாளரின் தொழில் அடிபட்டிருந்தது என்ற பின்னணி அதற்கு உண்டு. அணி சரிந்தது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் பயிற்சியாளர் பிரெண்டன் ராஜர்ஸ் வெளியேற்றப்பட்டார். கடைசி 8 ஆட்டங்களுக்கு டீன் ஸ்மித் வந்தார். கடைசி நாளில் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றும் 34 புள்ளிகளோடு லெஸ்டர் இறங்கியது. ராஜர்ஸ் மீதும் குறை இருந்திருக்கும். ஷ்மைக்கேலின் இடத்தில் நிற்க ஆளை வாங்க வேண்டிய பணம் ராஜர்ஸ் கையில் இருக்கவில்லை.

நம் நாட்டவர் தொடர்புள்ளதால் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கதை எனக்கு இன்னும் உறைக்கிறது. 1995இல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த அந்த அணியை 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த, கோழித் தொழில் நடத்தும் வெங்கீஸ் நிறுவனத்தார் வாங்கினார்கள். அடுத்த மாதமே, பட்டியலின் நடுப்பகுதியில் இருந்த அணியின் அனுபவம் மிக்க மேலாளர் (அங்கே பயிற்சியாளரை அப்படித்தான் அழைப்பார்கள்) சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அதற்குமுன் எந்த அணிக்கும் மேலாளராக இருந்திராத ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். 2012 மே மாதம் அணி இறங்கியது. அந்தப் பருவம் முழுவதும் ரசிகர்கள் கீனை எதிர்த்துப் போராடினார்கள். இறங்கிய நாளில் மைதானத்துக்குள் ஒரு கோழியையே விட்டார்கள். கீன் அதே ஆண்டு செப்டம்பரில் விலகினார். அவர் போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்கள் பிறகு கண்டது என்ன? அடுத்த மேலாளர் ஹென்னிங் பெர்க் 57 நாட்களில் அனுப்பப்பட்டார். 2017இல் அணி மூன்றாம் நிலைக்கும் சரிந்தது. பின்பு இரண்டாம் நிலைக்கு ஏறினாலும், பிரீமியர் லீக்குக்கு அவர்கள் இன்னும் திரும்பவில்லை. ஆளை மாற்றுவதில் காட்டிய வேகத்தை ஆட்சி முறையைத் திருத்துவதில் யாரும் காட்டவில்லை.

நம் மலையடிவாரத்திலேயே சான்று இருக்கிறது. 2019 மார்ச்சில் கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் அக்பர் நவாஸையும் கோல் குவித்த பெட்ரோ மான்சியையும் நாம் கொண்டாடினோம். மூன்றாம் ஆண்டில் அந்த அணியே தேசிய லீக்கில் இல்லை. களத்தில் நின்றவர்களின் திறமை மட்டும் ஓர் அணியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

பயிற்சியாளரை மாற்றிப் பிழைத்த அணிகளே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. லெஸ்டர் இறங்கிய அதே நாளில் எவர்ட்டன் தப்பியது. ஜனவரியில் ஃப்ராங்க் லாம்பார்டை நீக்கி ஷான் டைச்சைக் கொண்டுவந்தார்கள். கடைசி நாளில் போர்ன்மத்துக்கு எதிராக அப்துலாயே டூகூரே அடித்த ஒரே கோலில் பிழைத்தார்கள். ஆனால் டைச் பொறுப்பேற்றபோது 18 ஆட்டங்கள் கையில் இருந்தன. நமக்கு மூன்று. மேலும், நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் அலசியிருக்கிறார்கள். தொடர் தோல்விக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய அணிகளும், அதே அளவு சரிந்தும் நீக்காமல் இருந்த அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன என்பது அவர்கள் கண்டது. புதியவர் வந்ததால் வந்ததாக நாம் நினைக்கும் வெற்றிகளில் பல, பழையவர் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

நீக்காமல் பொறுத்திருந்தவர்களுக்கும் சான்று உண்டு, அதுவும் லெஸ்டரேதான். 2014-15 பருவத்தில் 29 ஆட்டங்கள் முடிந்தபோது 19 புள்ளிகளோடு கடைசி இடத்தில் இருந்தார்கள். பயிற்சியாளர் நைஜல் பியர்சனை வைத்துக்கொண்டே கடைசி 9 ஆட்டங்களில் 7ஐ வென்று 14ஆம் இடத்தில் முடித்தார்கள். அந்த 7 வெற்றிகளில் தழைத்த அணிதான் அடுத்த ஆண்டு கிளாடியோ ரனியேரியின் கீழ் கோப்பையைத் தூக்கியது. நமக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல நான் யாருமில்லை. இப்போது நீக்குவதால் கூடுதலாக ஒரு புள்ளி வரும் என்று உறுதி சொல்லவும் யாராலும் முடியாது. அவருக்குப் பதில் யார் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

ஆகவே என் கோரிக்கைகளை உரியவர்களிடம் நேராகவே வைக்கிறேன்.

குழுவினரே, நீக்கும் தீர்மானத்தை ஞாயிற்றுக்கிழமை எடுக்காதீர்கள். கடைசி ஆட்டம் முடிந்த இரண்டு வாரங்களுக்குள் ஆதரவாளர்கள் அனைவரையும் அழைத்துப் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். அதில் பயிற்சியாளர் தம் ஆட்ட முறைக்கும் ஆட்டக்காரர் தேர்வுக்கும் பதில் சொல்லட்டும். அதே மேடையில், படிவங்கள் ஏன் தாமதமாயின, மைதானம் ஏன் திருப்பி வாங்கப்படவில்லை, புதிய கோலிக்கு என்ன முயற்சி எடுக்கப்பட்டது என்பவற்றுக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள். பயிற்சியாளரை மாற்றுவதென்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தால் நானும் கட்டுப்படுவேன். ஆலைக்கு எழுத வேண்டிய கடிதத்துக்குப் பொதுக்குழு தேவையில்லை. அதை நாளையே எழுதலாம்.

பயிற்சியாளர் ஐயா, இந்த மடல் உங்களுக்கும்தான். அடுத்த ஆட்டத்தில் பின்வரிசையை இறக்கி நிறுத்துங்கள். ஸ்டாப்பர்கள் இருவரும் பெட்டியின் விளிம்பில் நின்று உயரப் பந்தைத் தலையால் வெல்லட்டும். அதில் அவர்களை மிஞ்ச இந்த லீக்கில் அதிகம் பேர் இல்லை. முன்னிலையில் இருக்கும்போது நடுக்களத்துக் காவலரை வெளியே எடுத்துவிட்டு மூன்றாவது ஃபார்வர்டை இறக்குவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்களை நீக்கக் கூடாது என்று எழுதுகிற நான், இந்த மூன்று ஆட்டங்களிலும் பழைய முறையையே நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால், பொதுக்குழுவில் முதல் ஆளாக எழுந்து உங்களைக் கேள்வி கேட்பேன்.

ஆதரவாளர்களிடம் சொல்ல வேண்டியது மனத்துக்கு வலி தருவது. சென்ற வாரம் நம்மவர் சிலர் பயிற்சியாளர் வேலை செய்யும் இடத்துக்கே போய், வாடிக்கையாளர்கள் முன்னிலையில், பள்ளி விட்டு வந்து அங்கே உட்கார்ந்திருந்த அவருடைய மகளின் காதுபட, ஏசிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் நம்மிடம் பெறுவது பயணச் செலவுக்கே போதாத ஒரு தொகை. காலை முழுவதும் தம் பிழைப்பைப் பார்த்துவிட்டு மாலையில் நம் பையன்களுக்காக வருபவர். மைதானத்தில் அவரை விமரிசிக்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. அவருடைய வாசலில் அந்த உரிமை இல்லை. போனவர்கள் யாரென்று ஊருக்குத் தெரியும். அவர்களே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொதுக்குழுவின் தேதியைக் கடைசி ஆட்டத்துக்கு முன்பே எழுத்து வடிவில் நம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று குழுவின் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மடலின் ஒரு படியை அவரிடமும் இன்னொன்றைப் பயிற்சியாளரிடமும் கையோடு கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அணியின் முன்னாள் ஆட்டக்காரன்,
கோத்தகிரி